ருசி பார்க்க முடியாத மாதம்

நோன்பு மாதத்தில் சோபூரின் மனைவி எந்தின் வைக்கிற புளிச்சாற்றில் உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், தப்பில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எந்தின் அதற்கு ஒப்ப மாட்டாள். கண்ணால் பார்த்து, கையால் அள்ளி, அல்லாவின் பெயரைச் சொல்லிப் போடுவாள். சோபூர் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிடுவார். "அவ கையளவு சரியாத்தான் இருக்கும். நம்ம நாக்குதான் நாள் முழுக்கக் காஞ்சு கெடக்கு" என்பார்.

அவரை மஜலாயா கடைவீதியில் எல்லாரும் காங் என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்பதுபோல. அவர் வேலை செய்கிற, வேப் என்கிற மின்சிகரெட் கடையின் முதலாளி இமாஸ் அவரைவிட வயதில் சிறியவள். ஆனாலும் அவர் அவளைத் தெத்தே என்பார், அக்கா. சம்பளம் கொடுக்கிறவள் எந்த வயதிலும் அக்காதான் என்பது அவர் கணக்கு. இமாஸ் பதிலுக்கு அவரை "என் தாத்தா வயசுத் தம்பி" என்று வாடிக்கையாளர்களிடம் அறிமுகம் செய்து வைப்பாள்.

முன்பு கைலி மில்லில் பாவு கட்டும் பிரிவில் இருந்தார். மில் மூடியது. மூடிய மில்லிலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் வேன் ஓட்டப் போனார்கள், சிலர் ஆற்று மணல் அள்ளப் போனார்கள். இவர் இமாஸின் கடையில் பின்பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தார். இழைக்குப் பதில் கம்பி. அவ்வளவுதான் வித்தியாசம் என்று தொடக்கத்தில் நினைத்தாராம்.

என் நகலெடுக்கும் கடைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். மின்சாரம் போகிற நேரங்களில் நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. தடித்த கம்பிகள் இரண்டை இழுத்துப் பிடித்து, அதன்மேல் தலைமயிர் போன்ற கம்பியைச் சிறு துளைப்பானால் சுழற்றிச் சுற்றுவார். பின்னிய அந்தக் கம்பியை மேசை விளிம்பில் கீறி வைத்த குறிக்கு அளந்து வெட்டுவார். எஃகுக் கம்பியில் சுருட்டுவார். ஒரு சுருள் ஆனதும் அதே போல இன்னொன்று. வேப் கருவிக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒன்றாகச் சிவக்க வேண்டும். ஒன்று முந்தி இன்னொன்று பிந்தினால் ஜோடி சேராது, குப்பைக்குப் போகும்.

பிறகு மீட்டர். மில்லின் மின்பணியாளரிடமிருந்து வந்த மஞ்சள் மீட்டர், இரண்டு நீள ஒயர், நுனியில் ஊசிகள். ஊசிகளைச் சுருளின் இரண்டு காலிலும் வைத்தால் அதன் தடை எவ்வளவு, மின்சாரத்தை எவ்வளவு மறிக்கிறது என்று எண் காட்டும். ஆனால் ஒயருக்கும் கொஞ்சம் தடை உண்டு. அதனால் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஊசிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட வைப்பார். அப்போது என்ன காட்டுகிறதோ அதை நாள் முழுதும் எல்லாவற்றிலும் கழித்துக்கொள்வார். மாதக்கணக்காக அதே எண்தான் வந்துகொண்டிருந்தது. மனப்பாடம்.

கடைசியில் ஒரு இழுப்பு. வேப் அவருக்குப் பிடிக்காது. புதிதாகக் கட்டத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் முதல் ஜோடியைத் தன் சோதனைக் கருவியில் பூட்டி, பஞ்சை நுழைத்து, வேப் சாற்றில் நனைத்து ஒரே ஒரு தடவை இழுப்பார். கண்ணை மூடி, ஆவியை விட்டு, சரி என்பார், அல்லது பிரித்துப்போடுவார். அப்புறம் பின்பக்கம் போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவார். மீட்டர் சொல்வதைவிட அந்த இழுப்பு சொல்வதைத்தான் இமாஸ் நம்பினாள்.

நோன்பு மாதத்தில் பகலில் அந்த இழுப்பு கிடையாது.

அந்த வாரம் சிதாரும் என்கிற ஆறு கரை மீறி அவர் வீட்டுக்குள் வந்திருந்தது. தண்ணீர் வடிந்தபின் சேறு. அதிகாலையில் சஹர் சாப்பிட்டுத் தொழுதுவிட்டுப் படுக்காமல் சேற்றை வாரிக்கொண்டிருந்தாராம், விடியும்வரை. கடைக்கு வரும்போதே கண்கள் உள்ளே போயிருந்தன. உட்கார்ந்ததும் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தார். மீட்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒயரை மடக்கி இறுக்கிச் சுற்றி வைத்திருந்தது. வெள்ளம் வந்த அன்றைக்கு அவசரத்தில் யாரோ மேலே தூக்கி மாட்டிய கோலம். அவர் அதை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஊசிகளைத் தொட வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது ஒரு விஷயமாக எனக்குப் படவில்லை.

அன்று புதுக் கம்பி ரீல் பிரித்தார். வழக்கமான நீளத்துக்கு வெட்டிச் சுருட்டி மீட்டரில் வைத்தால் எண் கூடுதலாக வந்தது. இன்னொன்று சுருட்டினார். அதுவும் அப்படியே. கம்பி மெலிந்தால் தடை கூடும், நீளம் குறைந்தால் குறையும். கம்பியை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

"ரீல் அனுப்புனவன் சன்னக் கம்பிய அனுப்பிட்டான் போல," என்றார்.

"கைக்கு அப்படித் தெரியுதா காங்?" என்று கேட்டேன்.

"கைக்குத் தெரியல. மீட்டருக்குத் தெரியுது."

சோதனைக் கருவி பக்கத்திலேயே இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேசை விளிம்பிலிருந்த பழைய குறிக்கு உள்ளே தள்ளிப் புதுக்குறி ஒன்றைக் கீறினார். கம்பியைக் குட்டையாக வெட்டி, இரண்டு சுற்று குறைத்துச் சுருட்டினார். இப்போது மீட்டர் வழக்கமான எண்ணைக் காட்டியது. சாயங்காலம் நோன்பு திறந்துவிட்டு இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சாயங்காலத்துக்கு முன்னால்தான் கூட்டம் வரும் என்று இமாஸ் ஜோடிகளைச் சின்ன டப்பாக்களில் அடைத்து, எண்ணை எழுதி ஒட்டி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து யாயத் வந்தான். குதிரை வண்டிக்காரன். கடைவாசலில் குதிரையை நிறுத்தினால் சாணம் போடும் என்று இமாஸ் கத்துவாள், அதற்காகவே அவன் வாசலில் நிறுத்துவான். அவனுடைய வேப் ஒரு பித்தளைக் குழாய். மற்றவர்களுடைய வேப் பெட்டிகளுக்குள் ஒரு மின்சுற்று உண்டு. தடை ரொம்பக் குறைந்துவிட்டால் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். பித்தளைக் குழாயில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு பேட்டரி, ஒரு ஜோடிச் சுருள், அழுத்துகிற கட்டைவிரல், அவ்வளவுதான். சுருளின் தடை குறையக் குறைய பேட்டரியிலிருந்து பாய்வது கூடும். பேட்டரி தாங்குகிற வரைக்கும் சரி. தாங்காவிட்டால் வெடிக்கும், அது வாய்க்கு நேராக இருக்கிறது.

யாயத்துக்கு எப்போதும் தாங்குகிற விளிம்பிலேயே வேண்டும். ஆவி குதிரையின் மூச்சுபோல வர வேண்டும் என்பான். அவன் கேட்கிற குறைந்த எண்ணுக்கு சோபூர் தனியாகக் கட்டிக் கொடுப்பார்.

அன்று டப்பாவை வாங்கிக்கொண்டு, அங்கேயே பூட்டினான். பேட்டரியின் மேல்தோல் கிழிந்திருந்ததை இமாஸ் பார்த்துவிட்டு, பேட்டரியை மாத்துடா, குதிரைக்கு லாடம் மாத்துற காசுதானே என்றாள். குதிரைக்கு மாத்திட்டுத்தான் நமக்கு தெத்தே என்றான் அவன். நோன்பு திறந்த கையோடு முதல் இழுப்பு என்று குழாயைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனான்.

பிற்பகல் அஸர் பாங்குக்குக் கொஞ்சம் பிறகு கிலார் வந்தான். மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவன். காலையில் வாங்கிய ஜோடியைத் தன் பெட்டியில் பூட்டிப் பார்த்திருக்கிறான், இழுக்கவில்லை. திரையில் வந்த எண்ணைக் காட்டினான். டப்பாவில் எழுதியிருந்ததைவிடக் குறைவு, நன்றாகவே குறைவு.

"பெட்டி பொய் சொல்லுது," என்றார் சோபூர், தலையைத் தூக்காமல்.

"நேத்து வரைக்கும் பொய் சொல்லல காங்."

சோபூர் கிலாரின் ஜோடியைக் கழற்றி மீட்டரில் வைத்தார். டப்பாவில் இருந்த எண்தான் வந்தது. கிலார் மரியாதையாகச் சிரித்தான். சோபூர் சிரிக்கவில்லை. ஊசிகளைச் சுருளிலிருந்து எடுத்து, ஒன்றோடொன்று தொட வைத்தார்.

மனப்பாடமான எண் வரவில்லை. அதைவிடக் கூடுதலாக நின்றது. ஒயரை மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். எண் ஏறியது, இறங்கியது, ஏறியது. உறை முழுசாக இருந்தது. உள்ளே இழைகள் பாதி அறுந்திருந்தன.

ரீலில் குறை இல்லை. கம்பி எப்போதும்போலத்தான் இருந்திருக்கிறது. அளக்கிற ஒயர் தன் தடையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது, அவர் அதைக் கம்பியின் தலையில் போட்டு, நல்ல கம்பியை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார். காலையிலிருந்து கட்டிய ஒவ்வொரு ஜோடியும் எழுதியிருப்பதைவிடத் தடை குறைவு. முதல் ஜோடியை ஒரு இழுப்பு இழுத்திருந்தால் நாக்கு சுட்டிருக்கும், அங்கேயே நின்றிருக்கும்.

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இமாஸ் கண்ணாடிப் பெட்டியிலிருந்த டப்பாக்களையெல்லாம் வாரித் தூக்குவாளியில் போட்டிருந்தாள். விற்றுப்போனவை யார்யாரிடம் என்று விரல்விட்டுச் சொன்னாள். எல்லாரும் பெட்டிக்காரர்கள். ஒருவனைத் தவிர.

"யாயத்," என்றார் சோபூர்.

இமாஸ் போன் போட்டாள். எடுத்தது யாயத்தின் மகள். அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார், நான் விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்றது. அப்பா எங்கே நோன்பு திறப்பார் என்று கேட்டதற்கு, சவாரி எங்கே முடியுதோ அங்கே, அம்மா கோலாக் பாயசம் கட்டிக் கொடுத்திருக்காங்க என்றது.

மஹரிப் வரைக்கும், சூரியன் மறையும்வரை, அவன் அதை வாயில் வைக்க மாட்டான். அது ஒன்றுதான் ஆறுதல். மஹரிப் ஆனதும் கட்டாயம் வைப்பான்.

சோபூர் எழுந்தார். எழுந்த வேகத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டார். நானும் கிளம்பினேன். மோட்டார் சைக்கிளில் போய்ப் பயனில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் ஊரே தெருவில் நிற்கும், வறுத்ததும் பொரித்ததும் வாங்குகிற கூட்டத்தில் நடப்பவன்தான் முந்துவான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

சந்தை முனையில் வண்டி நிறுத்தத்தில் யாயத் இல்லை. அங்கே குந்தியிருந்த கிழட்டு வண்டிக்காரர் சோபூரை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு இப்படி மூச்சு வாங்கத் தேடுறீங்க?"

"ஒரு சாமான மாத்திக் குடுக்கணும்."

"நோன்பு தொறந்துட்டுக் குடுங்களேன் காங். அவன் எங்க ஓடிடப் போறான், அவன் குதிரையே ஓடாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் பாலம் தாண்டி ஒரு அம்மாவையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனதாக ஒருவன் சொன்னான்.

பாலத்தில் கால் வைக்க இடமில்லை. ஆறு இன்னும் பழுப்பாகத்தான் ஓடியது, கரையோரச் செடிகளில் பிளாஸ்டிக் பைகள் வெள்ளத்தின் உயரத்தைக் காட்டிக்கொண்டு தொங்கின. பாதிப்பாலத்தில் சோபூர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"மில்லுல ஒரு இழை அறுந்தா தறி தானா நின்னுடும்," என்றார். "பாவுல எந்த இழையா இருந்தாலும் சரி. நின்னுடும். நாம போய் முடிஞ்சு விடணும். இந்த எழவு மீட்டரு, உள்ள அறுந்த பிறகும் பேசிக்கிட்டே இருக்கு."

எழுந்து நடந்தார்.

பாலத்துக்கு அப்புறம் கூட்டம் குறைந்து, கடைகள் முடிந்து, சாலை வயலுக்கு நடுவே போனது. அரிசி மூட்டையோடு இறங்கிய அம்மாவை ஒரு சந்தில் கண்டுபிடித்தோம். வண்டி காலியாகச் சின்னப் பள்ளிவாசல் பக்கம் போனதென்று கையைக் காட்டினாள். உள்ளே வந்து தண்ணீர் வைத்துக்கொண்டு உட்காருங்கள், நேரமாகிவிட்டது என்றாள். சோபூர் நன்றி சொன்னார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

வானம் சாம்பலிலிருந்து கறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் தூரத்துப் பெரிய பள்ளிவாசலின் நோன்பு திறக்கிற முரசு கேட்டது. பிறகு சின்னப் பள்ளிவாசலின் முரசு, பக்கத்தில், நெஞ்சில் அடிப்பது போல. அந்தச் சத்தத்தில்தான் வண்டியைப் பார்த்தோம். பள்ளிவாசல் சுவரை ஒட்டி நின்றது. குதிரை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. யாயத் முன்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தண்ணீர்க் கோப்பையை வாயில் வைத்திருந்தான். தொடைமேல் கோலாக் பை, அதன் பக்கத்தில் பித்தளைக் குழாய்.

சோபூர் ஓடினார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை, அதை ஓட்டம் என்று சொல்லவும் முடியாது. வாயைத் திறந்து கூப்பிட்டார். காய்ந்த தொண்டையில் காற்றுதான் வந்தது. நான் கத்தினேன். பாங்கு ஆரம்பித்துவிட்டது, ஒலிபெருக்கி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது, என் குரல் அதற்குள் போய்க் கரைந்தது.

யாயத் கோப்பையை வைத்தான். ஒரு பேரீச்சையை வாயில் போட்டு மென்றான். கொட்டையைத் துப்பினான். குழாயை எடுத்தான்.

சோபூர் வண்டியின் பின்பக்கத்தை எட்டியிருந்தார். சுற்றிக்கொண்டு முன்னால் போக நேரமில்லை. பின்படியில் இரண்டு கையையும் போட்டு, முழு உடம்போடு தொங்கினார்.

இரண்டு சக்கர வண்டி. பின்னால் கனம் ஏறினால் முன்னால் தூக்கும். அதனால்தான் வண்டிக்காரர்கள் சவாரி ஏறும்போதெல்லாம் முன்னாடி நகந்து உக்காருங்க என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். ஏர்க்கால் மேலே எழும்பியது, வயிற்றுவார் இறுகிய குதிரை கனைத்துக் காலை மாற்றியது, யாயத் மல்லாந்து விழாமல் இருக்க இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடித்தான். குழாய் நழுவிப் பலகையில் உருண்டு வந்தது. கோலாக் கவிழ்ந்து பாதி ஒழுகியது.

சோபூர் குழாயைப் பிடித்தார். அடிமூடியைத் திருகிக் கழற்றினார். கை வழுக்கியது, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி திருகினார். பேட்டரி உள்ளங்கையில் விழுந்தது. அதை என்னிடம் நீட்டினார். லேசான சூடு. யாயத் கட்டைவிரலை அழுத்திவிட்டிருந்தானா, சட்டைப்பையில் நாள்பூரா கிடந்த சூடா, என்னால் சொல்ல முடியவில்லை. அவனுக்கும் நினைவில்லை.

"நோன்பு தொறக்கிற நேரத்துல குதிரைய மெரட்டுறீங்களே காங்," என்றான் யாயத். "ஒரு வாய் மென்னுக்கூட முடிக்கல."

சோபூர் படியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வரக் காத்திருந்தார்.

"அத இழுக்காத. நான் கட்டுனது தப்பு."

"டப்பால சரியாத்தானே எழுதிருக்கு."

"எழுதச் சொன்னதும் நான்தான்."

யாயத் குழாயைப் பார்த்தான், பேட்டரியின் கிழிந்த தோலைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. தன் கன்னத்தை ஒரு தடவை தடவிக்கொண்டான், அங்கே இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"நீங்க இன்னும் தொறக்கலயா?" என்றான்.

சோபூர் தலையாட்டினார், இல்லையென்று.

"முதல்ல குடிங்க. திட்டுறத அப்புறம் திட்டுறேன்."

தண்ணீரை அவர் ஒரே மூச்சில் குடிக்கவில்லை. வாயில் கொஞ்சநேரம் வைத்திருந்து விழுங்கினார். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. மிச்சமிருந்த கோலாக்கை மூன்று பேரும் பையிலிருந்தே குடித்தோம். வாழைப்பழத் துண்டுகளில் வெல்லம் திகட்டும்படி ஏறியிருந்தது.

"வெல்லம் கூடிப்போச்சு," என்றான் யாயத். "அவளும் ருசி பாக்காமத்தான் எறக்கியிருப்பா."

சோபூர் பித்தளைக் குழாயிலிருந்து இரண்டு சுருளையும் சட்டைப்பையில் இருந்த குறட்டால் கழற்றி, பஞ்சைப் பிய்த்து எறிந்துவிட்டு, சுருள்களை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். சரியாகக் கட்டிக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. யாயத்தும் கேட்கவில்லை. உள்ளே போய் மஹரிப் தொழுதுவிட்டு வந்தோம். நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதில் சோபூர் எல்லாரையும்விட ஒரு கணம் தாமதமாகத்தான் எழுந்தார், ஒவ்வொரு தடவையும்.

யாயத் எங்களைக் கடைவரை கொண்டுவிடுகிறேன் என்றான். தெரு காலியாகியிருந்தது. எல்லாரும் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஜன்னல்களில் வெளிச்சமும் தட்டுச் சத்தமும். குதிரை அதன் இஷ்டத்துக்கு நடந்தது. பாலத்துக்கு முன்னாலேயே சோபூர் பின்பலகையில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது, மூடிய கை மடியில் இருந்தது.

கொஞ்சதூரம் போனதும் யாயத் திரும்பாமலே பேசினான்.

"காங், முன்னாடி நகந்து உக்காருங்க. குதிரைக்கு வயித்துவார் இறுக்குது."

அவர் அசையவில்லை. நான் எழுந்து, யாயத்தின் முதுகு இடிக்கும் அளவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏர்க்கால் மெல்லத் தாழ்ந்து சமமானது.